இரண்டாம் லைன் டோக்கன்

ஆயுத பூஜை அன்றைக்கு மட்டும்தான் கம்பெனிக்குள் பிள்ளைகளை விடுவார்கள். மற்ற நாட்களில் அடையாள அட்டை இல்லாமல் கேட்டைத் தாண்ட முடியாது. அன்றைக்கு வாழைக்கன்று கட்டிய கேட் திறந்தே கிடக்கும். காக்களூர் எஸ்டேட் முழுக்க அப்படித்தான். ஒவ்வொரு ஷெட்டின் வாசலிலும் பூசணிக்காய் உடைந்து கிடக்கும்.

இரண்டாம் லைனில் இருந்தவர்கள் எல்லாரும் பெண்கள். காருக்குள் ஓடும் ஒயர்களைக் கட்டாகச் சேர்ப்பது அவர்களுடைய வேலை. பெரிய பலகையில் ஆணிகள் அடித்திருக்கும். அந்த ஆணிகளுக்கு நடுவே ஒயரை ஓடவிட்டு, முனையில் கனெக்டரைச் சொருகி, கறுப்பு டேப் சுற்ற வேண்டும். நாள் முழுக்க நின்றே செய்ய வேண்டும். லைன் லீடர் செண்பகத்துக்கு மட்டும் ஒரு ஸ்டூல் உண்டு. அன்று பலகைகளுக்குச் சந்தனம் வைத்த கையோடு அந்த ஸ்டூலுக்கும் ஒரு பொட்டு வைத்திருந்தார்கள்.

பூஜை முடிந்ததும் போட்டோ எடுத்தார்கள். லைனில் வேலை செய்கிறவர்களின் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தினாள் திலகவதி. வரிசையில் பெரியவள் அவளுடைய மகள்தான். அவளுக்குப் பக்கத்தில் ஒரு பையன், அவனைவிடக் கொஞ்சம் குள்ளமாக ஒரு பெண், அவளைவிடக் குள்ளமாக இன்னொருத்தி, கடைசியில் பொரி உருண்டையை விடாமல் கடித்துக்கொண்டிருந்த ஒரு பொடியன். செல்போனைத் தூக்கிப் பிடித்த ஸ்டோர்ஸ் மணவாளன் சிரித்துவிட்டான்.

"இன்னாக்கா இது, அளவெடுத்து செஞ்ச மாதிரி கீது. படிக்கட்டு கணக்கா நிக்கிதுங்க. ஒரே ஹைட்ல ரெண்டு இல்லியே!"

பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டார்கள். செண்பகத்துக்குப் பெருமையாக இருந்தது.

"எங்க லைன்னா அப்படித்தான். உன் ஸ்டோர்ஸ் மாதிரியா, எது எங்க கீதுன்னே தெரியாம."

"அது சரி, கடைசிப் பையனுக்கே ரெண்டு வயசு தாண்டியிருக்கும் போலக்கீதே. அதுக்கப்புறம் ஏன் ஸ்டாக் வரல?"

யாரும் சிரிக்கவில்லை. நர்மதா குனிந்து பொரித் தட்டைச் சரிசெய்வதுபோல் எதையோ செய்துகொண்டிருந்தாள்.

*

டோக்கன் என்று அதற்குப் பெயர் வைத்தது திலகவதி. ரேஷன் கடையில் கொடுப்பதுபோல் சீட்டு எதுவும் கிடையாது. எல்லாம் வாய்ப் பேச்சுதான், செண்பகத்தின் ஞாபகம்தான்.

முதல் முதலாக லைன் போட்ட காலத்தில் திலகவதியும் ரோசம்மாளும் ஒரே சமயத்தில் பிரசவ லீவில் போனார்கள். அப்போது ஒரு பெரிய ஆர்டர் தாமதமாகிவிட்டது. புரொடக்‌ஷன் மேனேஜர் மோகன்ராஜ் லைனுக்கு நடுவில் வந்து நின்று கத்தினார். "இப்படி ஜோடி ஜோடியா போனா நான் லைனை இழுத்து மூடிட்டுப் போக வேண்டியதுதான்." அவ்வளவுதான் சொன்னார். அந்த மாதக் கடைசியில் மூன்றாம் லைனுக்கு வடக்கிலிருந்து பையன்கள் வந்து இறங்கினார்கள். ரோசம்மாள் லீவு முடிந்தும் வேலைக்குத் திரும்பவில்லை. அதற்குக் காரணம் அவளுடைய மாமியாரா கம்பெனியா என்று யாரும் விசாரிக்கவில்லை. பயம் தன் வேலையைச் செய்துவிட்டது.

சாப்பாட்டு நேரத்தில் செண்பகம்தான் சொன்னாள். "அவரு சொல்றதுக்கு முன்னாடி நாமளே ஒரு முறை வச்சிக்கலாம். ஒருத்தி போய் வந்தப்புறம் இன்னொருத்தி. யாருக்கும் வேலை போவாது."

அந்த யோசனை எல்லாருக்கும் நியாயமாகத்தான் பட்டது. கல்யாணமான வரிசையில் பிள்ளை பெற முறை. ஒருத்தியிடம் டோக்கன் ஒரு வருஷம் இருக்கும். அதற்குள் கரு தங்கவில்லை என்றால் அடுத்தவளுக்குப் போகும். எல்லாருக்கும் ஒன்று ஆன பிறகுதான் யாருக்கும் இரண்டாவது. கல்யாணம் முடிந்து மஞ்சள் கயிறோடு வேலைக்கு வருகிற பெண்ணிடம் முதல் வாரத்திலேயே செண்பகம் பக்குவமாகச் சொல்லிவிடுவாள். பெண்கள் வெட்கப்படுவார்கள், சிரிப்பார்கள், தலையாட்டுவார்கள். புருஷன்களிடம் எப்படிச் சொன்னார்களோ தெரியாது. செண்பகம் கேட்டதில்லை. இந்த லைன் போடுவதற்கு வெகு முன்பே, அவளுக்கு இரண்டாவது பிறந்த வார்டிலேயே, "ரெண்டு போதும்மா, ஆபரேஷன் பண்ணிடலாம்" என்று நர்ஸ் சொன்னாள். செண்பகமும் தலையாட்டினாள். இந்த விஷயத்தில் யாராவது ஒருவர் சொல்வதும் மற்றவர் தலையாட்டுவதும் அவளுக்குப் புதிதாகத் தோன்றவில்லை.

இப்போது காலம் மாறியிருந்தது. கேன்டீன் டிவியில் மேடை போட்டுப் பேசினார்கள். ஜனத்தொகை குறைகிறது, புதுசாகக் கல்யாணமானவர்கள் தள்ளிப்போடாமல் பெற்றுக்கொள்ள வேண்டும் என்றார்கள். திலகவதி சாம்பாரை ஊற்றிக்கொண்டே, "பெத்துக்கலாம், பெத்துக்கலாம். பேசறவரு வந்து டேப் சுத்துவாராமா?" என்றாள். லைனே சிரித்தது. திலகவதியும் சிரித்தாள். இரண்டாவதுக்காக அவள் வரிசையின் கடைசியில் நின்றவள். முறை பக்கத்தில் வருவதற்குள் நாற்பது ஆகிவிட்டது. டாக்டர் யோசித்தார், புருஷன் வேண்டாம் என்றுவிட்டான்.

டோக்கன் நர்மதாவிடம் வந்து நின்று வெகுநாள் ஆகிறது. திருவள்ளூரைத் தாண்டி ஒரு கிராமத்தில் நெல் போடுகிற குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவள். ஒரு வருஷம் முடிந்தபோது கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வைத்தியம் பண்ணிக்கினு கீறேன். இன்னும் கொஞ்ச நாள் குடுங்கக்கா" என்றாள். அடுத்த முறை மெர்சியுடையது. அவள் சரியென்றால்தான் முடியும். மெர்சிதான் முதலில் கையைத் தூக்கினாள். "எனக்கு இன்னா அவசரம்? நர்மதாக்கா வச்சிக்கட்டும்." அதற்கப்புறம் இன்னொரு தடவையும் நர்மதா கேட்டாள். மெர்சி இன்னொரு தடவையும் கையைத் தூக்கினாள்.

*

பூஜை முடிந்த சில வாரங்களில் ஒரு நாள், மெர்சி தன் டிபன் பாக்ஸிலிருந்த கருவாட்டுத் தொக்கை வாசனை பிடிக்காமல் அப்படியே திலகவதியின் தட்டில் கவிழ்த்தாள். திலகவதி செண்பகத்தைப் பார்த்தாள். செண்பகம் எழுந்து கை கழுவப் போனாள். மெர்சி பின்னாலேயே வந்தாள், கூப்பிடாமலே.

குழாயடியில் வேறு யாரும் இல்லை.

"எத்தினி நாளாச்சு?"

"தள்ளிப் போயிருக்குது. வீட்லயே டெஸ்ட் பண்ணேன். ரெண்டு கோடு." மெர்சி சிரிக்கப் பார்த்தாள். "தெரியாம ஆயிடுச்சுக்கா. அன்புவுக்கும் மாமியாருக்கும்தான் தெரியும்."

செண்பகத்துக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் பரவாயில்லை என்று பிறகு பலமுறை நினைத்துக்கொண்டாள். அவள் ரொம்ப அன்பாகத்தான் பேசினாள்.

"நர்மதாவுக்கு அடுத்த மாசம் ஊசி போட்டு கருவை உள்ள வைக்கப் போறாங்களாம். நின்னுச்சுன்னா அவளும் படுக்கணும், நீயும் போவணும். ரெண்டு பேரு. சாரு இன்னா பண்ணுவாருன்னு தெரியாதா உனக்கு? மூணாவது லைனைப் பார்த்தே இல்ல?"

மெர்சி குழாயைத் திறந்தாள், மூடினாள்.

"ஆரம்பம்தானே மெர்சி. மாத்திரையிலயே சரியாப் பூடும். உனக்கு வயசு கீது. அவளுக்கு இல்ல." சொல்லிவிட்டு அவள் தலையை ஒரு தடவை தடவிக் கொடுத்தாள்.

"சரிக்கா" என்றாள் மெர்சி.

மறுநாள் மெர்சி வேலைக்கு வரவில்லை. அவளுடைய பலகையில் திலகவதி நின்றாள். போன் அணைந்திருந்தது. செண்பகம் டேப் முனைகளைச் சரிபார்த்துக்கொண்டே இருந்தாள். ஆனால் அவள் உள்ளங்கையில் மெர்சியின் தலைமுடி உறுத்திக்கொண்டிருந்தது. தேங்காயெண்ணெய் வாசனை போகவில்லை. "சரிக்கா" என்ற சொல் இவ்வளவு சீக்கிரம் வந்திருக்கக் கூடாது என்று தோன்றியது. ஏன் அவ்வளவு சீக்கிரம் வந்தது? இத்தனை வருஷமாக அதைச் சொல்லப் பழக்கியது யார்?

ஷிப்ட் முடிந்ததும் ஷேர் ஆட்டோ பிடித்து மணவாள நகர் போனாள்.

*

மெர்சியின் வீடு ரயில்வே லைனுக்குப் பக்கத்துத் தெருவில் இருந்தது. மாமியார் கிரேஸ் மட்டும் இருந்தாள். வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் செண்பகத்தைப் பார்த்ததும் முறத்தைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்தாள்.

"செண்பகமா? வா கண்ணு, வா. போட்டோல பார்த்துக்கீறேன். உள்ள வா."

"மெர்சி வரலியேன்னு..."

"ஆஸ்பத்திரிக்குப் போயிருக்குது. எம் புள்ள அன்பு கும்மிடிப்பூண்டிக்கு வேலைக்குக் கிளம்பினவன், அவன்தான் லீவு போட்டு இட்டுனு போனான். ராத்திரி பூரா ஒரே அழுகை. இன்னான்னு கேட்டா சொல்லல. காலைல எழுந்தா வவுறு வலிக்குதுன்னா." கிரேஸ் மின்விசிறியைப் போட்டாள். "முதல் தடவை இல்ல? பயந்துட்டா போலக்கீது."

செண்பகம் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். எதிர்ச் சுவரில் ஒரு பைபிள் வசன காலண்டர் இருந்தது. அதில் இருந்ததைப் படித்தாள். ஒரு வார்த்தையும் உள்ளே போகவில்லை.

"தெனமும் உன் பேச்சுதான். செண்பகம் அக்கா இதைச் சொன்னாங்க, அதைச் சொன்னாங்கன்னு. கூடப் பொறந்தவ இல்லாத புள்ள. நீ இருக்கறதாலதான் எனக்கு தைரியம்" என்றாள் கிரேஸ். டீயைக் கொண்டுவந்து கையில் கொடுத்தாள். பிறகு திடீரென்று, "நீ தப்பா நெனைக்கலன்னா ஒரு ஜெபம் பண்ணிக்கலாமா கண்ணு? மனசு கெடந்து அடிச்சுக்குது" என்றாள்.

செண்பகம் தம்ளரைக் கீழே வைத்தாள். கிரேஸ் முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு, செண்பகத்தின் கையைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் எடுத்துக்கொண்டாள். கீரையின் ஈரம் அந்தக் கைகளில் இருந்தது.

"ஆண்டவரே, எங்க வீட்டுக்கு நீர் குடுத்த கனியைக் காப்பாத்தும். எங்க மெர்சியைக் காப்பாத்தும். வேலை செய்யற இடத்துல அவளுக்கு ஒரு அக்காவைக் குடுத்தீரே, அந்தப் பொண்ணை ஆசீர்வதியும். அவ கையை ஆசீர்வதியும்..."

செண்பகம் கையை இழுத்துக்கொள்ள நினைத்தாள். முடியவில்லை. கிரேஸ் இறுக்கிப் பிடித்திருந்தாள். ஜெபம் நீளமாகப் போயிற்று. அது முடியவே வேண்டாம் என்றும் இருந்தது. முடிந்தால் கண்ணைத் திறக்க வேண்டும்.

வாசலில் பைக் சத்தம் கேட்டது. மெர்சி மெதுவாக இறங்கி வந்தாள். முகம் வெளுத்திருந்தது. செண்பகத்தைப் பார்த்ததும் ஒரு கணம் படியிலேயே நின்றுவிட்டாள்.

"ஒண்ணும் இல்லம்மா" என்றான் அன்பு தன் அம்மாவிடம். "யூரின்ல ஏதோ இன்பெக்‌ஷனாம். குழந்தை நல்லாக்கீதுன்னாங்க."

கிரேஸ், "ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்" என்று சொல்லிக்கொண்டே அடுப்படிக்குப் போனாள். அன்பு பைக்கை உள்ளே ஏற்றப் போனான். மெர்சி செண்பகத்துக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ஒரு ரயில் போய் முடிந்தது.

"நேத்து வர்ற வழியிலேயே மெடிக்கலுக்குப் போனேங்கா" என்றாள் மெர்சி, குரலைத் தாழ்த்தி. "நீ சொன்னதும் போய்ட்டேன். ஊட்டுக்கு வந்தா மனசு மாறிடும்னு நேரா போய்ட்டேன். அவன் டாக்டர் சீட்டு இருக்குதான்னு கேட்டான். இல்லன்னேன். எதுக்கு, யாருக்குன்னு சத்தமா கேட்டான். சுத்தியும் ஆளுங்க. சீட்டு இல்லாம தர மாட்டேன்னு தொரத்திட்டான்."

செண்பகம் தரையைப் பார்த்தாள்.

"கடைக்காரன் இல்லன்னதாலதான் இந்தப் புள்ள கீது. அவன் எடுத்துக் குடுத்திருந்தா முழுங்கியிருப்பேன். அதை நெனச்சித்தான் ராத்திரி பூரா அழுதேன். உன்னை நெனச்சி இல்ல."

"மெர்சி..."

"ஒண்ணு கேக்கட்டா? ஒருத்தி வந்தப்புறம்தான் ஒருத்தின்னு சாரா சொன்னாரு?"

செண்பகம் வாயைத் திறந்தாள். ஆமாம் என்று சொல்ல வந்தவளுக்கு மோகன்ராஜின் முகம் ஞாபகம் வந்தது, அவர் கத்தியது ஞாபகம் வந்தது. இந்த வார்த்தைகள் மட்டும் அவர் குரலில் ஞாபகம் வரவில்லை. எவ்வளவு தேடினாலும் அவை அவளுடைய குரலில்தான் கேட்டன.

"நாளைக்குப் போய்ப் பேசறேன்" என்றாள்.

டீ ஆறிப்போயிருந்தது. அதை முழுக்கக் குடித்துவிட்டுத்தான் எழுந்தாள். வைத்துவிட்டுப் போக முகமில்லை.

*

மோகன்ராஜின் அறையில் ஏசி ஓடிக்கொண்டிருந்தது. செண்பகம் நின்றுகொண்டே பேசினாள். ராத்திரி முழுக்க வார்த்தைகளைச் சேர்த்து வைத்திருந்தாள். எங்களுக்கும் குடும்பம் இருக்கிறது சார், சட்டம் இருக்கிறது சார், வேலையை விட்டு எடுத்தால் நாங்கள் சும்மா இருக்க மாட்டோம் சார். ஒன்றும் தேவைப்படவில்லை. மெர்சி லீவு கேட்கப் போகிறாள், நர்மதாவும் கேட்கலாம், இரண்டும் ஒரே சமயமாக வரும் என்று சொல்லி முடித்ததும் அவர், "சரிம்மா" என்றார்.

"ரெண்டு பேரும் சார்."

"அதான் சரின்றேனே. காசு இ.எஸ்.ஐ. குடுக்கப் போவுது. ரெண்டு ஆளை டெம்பரவரியா போட்டுக்கலாம். இதுல இன்னா பேஜாரு?" என்றவர், அவள் போகாமல் நிற்பதைப் பார்த்து, "வேற ஏதாவது?" என்றார்.

"நீங்கதான் சார் அப்போ சொன்னீங்க. ஜோடியா போனா லைனை மூடிடுவேன்னு."

"நானா?" அவர் உண்மையிலேயே யோசித்தார். "எப்போ?"

"திலகவதியும் ரோசம்மாளும் போனப்போ."

"அட, அது டார்கெட் டென்ஷன்ல ஏதாவது சொல்லியிருப்பேன். அப்போல்லாம் யார்கிட்டதான் கத்தல?"

"மூணாவது லைன்ல பசங்களைப் போட்டீங்களே சார்."

"அது லாரிக்குப் போற ஒயர் ஹார்னஸ்மா. கட்டு வெயிட் ஜாஸ்தி, தூக்கணும். அதுக்கும் இதுக்கும் இன்னா?" அவர் நாற்காலியில் சாய்ந்து சிரித்தார். "நான்கூட நெனச்சிக்குவேன், இந்த லைன்ல மட்டும் எப்படி ஒண்ணு ஒண்ணா அழகா போயிட்டு வர்றாங்கன்னு. நீங்களே உங்களுக்குள்ள பேசி வச்சிக்கினீங்களா? சூப்பர்மா."

செண்பகத்துக்குக் காது சுட்டது. அப்படியென்றால் அவர் கவனித்திருக்கிறார். கவனித்து, ரசித்து, ஒரு வார்த்தையும் கேட்காமல் இருந்திருக்கிறார். ஆனால் அந்தக் கோபத்தைப் பிடித்துக்கொள்ள அவளால் முடியவில்லை. அவர் கேட்கவில்லைதான். அவளும் கேட்கவில்லை. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை இந்தக் கதவைத் தட்டியிருந்தால் போதும். தட்டாமலே ஒரு சட்டம் போட்டு, அதைப் புதுப்பெண்களின் காதில் பக்குவமாக ஓதி, அவர்கள் வீட்டு அறைக்குள்ளும் போய் நின்றிருக்கிறாள்.

"டீ சொல்லட்டுமா?" என்றார் மோகன்ராஜ்.

"வேணாம் சார்."

*

சாப்பாட்டு மணி அடிப்பதற்குள்ளேயே, செண்பகம் மோகன்ராஜைப் பார்த்துவிட்டு வந்த செய்தி லைன் முழுக்கத் தெரிந்திருந்தது. அன்று மெர்சியும் வந்திருந்தாள். கேன்டீனில் யாரும் டிபன் பாக்ஸைத் திறக்காமல் செண்பகத்தைப் பார்த்தார்கள்.

"இன்னாக்கா சொன்னாரு?"

"ரெண்டு பேரும் போலாம்னாரு."

ஒரு கணம் யாரும் நம்பவில்லை. பிறகு ஒரே சத்தம். யாரோ மேஜையைத் தட்டினார்கள். நர்மதா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு மெர்சியின் தோளில் சாய்ந்தாள். "என்னாலதான் உனக்கு இந்தக் கஷ்டம்னு, நேத்து திலகவதிக்கா சொன்னதுலேர்ந்து சோறு இறங்கல மெர்சி" என்றாள்.

"எங்கக்கா இன்னா சாமான்யமா? சாருகிட்ட இன்னா வாங்கு வாங்கினாங்களோ" என்றது ஒரு குரல். "கத்தினாராக்கா? ஈஸியா ஒத்துக்கினு இருக்க மாட்டாரே."

பொய் நாக்கில் தயாராக இருந்தது. கத்தினார், நானும் கத்தினேன், கடைசியில் ஒத்துக்கொண்டார். அவ்வளவு சொன்னால் போதும். அவளுக்காக மட்டுமில்லை. கத்தினார் என்றால், இவர்கள் இத்தனை வருஷம் காத்துக்கிடந்ததற்கு ஒரு அர்த்தம் இருக்கும். எதிரில் ஒரு சுவர் இருந்தது, அதனால் நின்றோம் என்று எல்லாரும் நிம்மதியாகச் சாப்பிடலாம். செண்பகம் மெர்சியைப் பார்த்தாள். மெர்சி தன் டிபன் பாக்ஸின் மூடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போது திலகவதி கேட்டாள். அவள் சத்தத்தில் கலந்துகொள்ளவில்லை என்பதைச் செண்பகம் அதுவரை கவனிக்கவில்லை.

"சண்டை போட்டியா செண்பகம்? இல்ல கேட்டதும் குடுத்துட்டாரா?"

செண்பகம் டிபன் பாக்ஸைத் தள்ளிவைத்தாள்.

"கேட்டதும் குடுத்துட்டாரு."

"அப்போ முன்னாடியே கேட்டிருந்தா?"

"முன்னாடியே குடுத்திருப்பாரு. அவருக்கு அவர் சொன்னதே ஞாபகம் இல்ல."

டிவியில் யாரோ வாயசைத்துக்கொண்டிருந்தார்கள். நர்மதா மெர்சியின் தோளிலிருந்து மெல்லத் தலையை எடுத்தாள். சிலர் விரல்களைப் பார்த்துக்கொண்டார்கள், எதையோ எண்ணுவதுபோல்.

"எம் பொண்ணு அடிக்கடி கேக்கும்" என்றாள் திலகவதி. கோபமாகச் சொல்லவில்லை. கடையில் ஒரு பொருள் இல்லை என்று சொல்வதுபோல் சொன்னாள். "எனக்கு மட்டும் ஏம்மா தம்பி பாப்பா இல்லன்னு. கம்பெனில வேணாம்னுட்டாங்கடின்னு சொல்லி வச்சிருக்கேன். இனிமே இன்னா சொல்றது?"

செண்பகம் மன்னிப்புக் கேட்க நினைத்தாள்; ஆனால் அதைக் கேட்டவுடன் திலகவதி "சரி விடு" என்று தலையாட்டிவிடுவாளோ என்று பயமாக இருந்தது. இன்னொரு தலையாட்டலைப் பார்க்க அவளால் முடியாது.

மணி அடித்தது. சாப்பிடாத பாக்ஸ்களை அப்படியே மூடிக்கொண்டு பெண்கள் எழுந்தார்கள்.

செண்பகம் கடைசியாக லைனுக்கு வந்தாள். அவள் ஸ்டூல் அவளுடைய இடத்தில் இல்லை. திலகவதி அதை ஒரு கையால் தரதரவென்று இழுத்துக்கொண்டு போய் மெர்சியின் பலகைக்கு முன்னால் போட்டாள். கேட்கவில்லை, திரும்பிப் பார்க்கவுமில்லை. பூஜைக்கு வைத்த சந்தனப் பொட்டு அதன் விளிம்பில் இன்னும் காய்ந்து ஒட்டியிருந்தது.

"உக்காரு" என்றாள் மெர்சியிடம்.

மெர்சி செண்பகத்தைப் பார்த்தாள். பிறகு உட்கார்ந்தாள்.

செண்பகம் வெறும் தரையில், எல்லாரையும் போல் நின்றுகொண்டு, டேப் முனைகளைச் சரிபார்க்க ஆரம்பித்தாள்.